ஐநேச்சுரலிஸ்ட் ஆப்: ஓடையில இருக்கற கார்ட்டர் பாம்பு எந்த வகைன்னு கண்டுபிடிக்க உதவுமா?

கலிஃபோர்னியா, ஓரிகன் பக்கம் ஓடையோரமா நடக்கறவங்க ஃபோன்ல ஐநேச்சுரலிஸ்ட் போட்டு வச்சுக்கலாம், ஃப்ரீதான், 2008ல கலிஃபோர்னியா பெர்க்லி யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் படிச்ச பசங்க ப்ராஜெக்டா ஆரம்பிச்சது. பறவை, செடிக்கெல்லாம் நிறைய பேர் ரிவ்யூ போட்டாச்சு, நான் கார்ட்டர் பாம்புக்கு (வட அமெரிக்கால இருக்கற ஒரு பாம்பு வகை) மட்டும் சொல்றேன், ஏன்னா ஃபோட்டோ பாத்து பேர் சொல்ற ஆப்புக்கெல்லாம் அங்கதான் சாயம் வெளுக்கும்.

அக்வாட்டிக் கார்ட்டர் ஸ்நேக், அதாவது தாம்னோஃபிஸ் அட்ரேட்டஸ், நம்மூர் தண்ணிப்பாம்புக்கு தூரத்து சொந்தம். கரையில வெயில் காயும், ஆள் வந்தா சரக்குனு தண்ணிக்குள்ள போயிடும். சிலதுக்கு முதுகுல பளிச்சுனு மஞ்சக் கோடு, சிலது மங்கலா புள்ளி புள்ளியா இருக்கும், அதே ஏரியால எலிகன்ஸ்னு இன்னொரு கார்ட்டர் பாம்பு, அதுக்கும் கோடு உண்டு. கலரை நம்பினா போச்சு. அட்ரேட்டஸையும் சியரா மலைப்பக்கம் இருக்கற கௌச்சிங்கற கார்ட்டர் பாம்பையும் 1987 வரைக்கும் விஞ்ஞானிகளே ஒரே ஸ்பீஷீஸ்லதான் சேத்து வச்சிருந்தாங்க, அப்புறம் ஆப் என்ன பண்ணும் பாவம்!

முகத்தைத்தான் பாக்கணும். மூக்குக்கு நடுவுல மேல ரெண்டு குட்டி செதில் இருக்கும், அட்ரேட்டஸுக்கு அது நீளமா முன்பக்கம் கூர்மையா போகும், எலிகன்ஸுக்கு அகலமா இருக்கும். எலிகன்ஸுக்கு மேலுதட்டுல 6வது, 7வது செதில் பெருசா தெரியும், சிர்டாலிஸ்னு இருக்கற மூணாவது கார்ட்டர் பாம்பா இருந்தா மேலுதட்டு செதிலே பொதுவா 7தான், மத்த ரெண்டுக்கும் பெரும்பாலும் 8.

எனக்கு பிடிச்சதே, வெறும் முதுகு ஃபோட்டோ போட்டா தாம்னோஃபிஸ் பேரினம்னு (கார்ட்டர் பாம்பு எல்லாத்துக்கும் பொதுவான பேரு) மட்டும் சொல்லிட்டு ஆப் நிறுத்திக்கறதுதான், அடிச்சு விடறது இல்ல. தலையை மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு ஜூம் பண்ணி போட்டா விஷயம் தெரிஞ்ச ஆளுங்க வந்து பேரை உறுதி பண்ணுவாங்க. இந்தப் பாம்பு நாக்கை தண்ணி மேல வச்சு ஆட்டி ஆட்டி குட்டி மீனுக்கு தூண்டில் போடும்ங்கறதெல்லாம் இப்படி தேடப் போய் படிச்சதுதான், செம கில்லாடி.

ஃபோட்டோக்காக பிடிக்காதீங்க, கடிக்கும், நாத்தம் பிடிச்ச திரவத்தை மேல பூசிடும். சிக்னல் இல்லாட்டியும் பரவால்ல, படம் எடுத்துட்டு அப்புறம் ஏத்திக்கலாம். அழியற நிலைல இருக்கற சான் ஃபிரான்சிஸ்கோ கார்ட்டர் மாதிரி பாம்புகளோட சரியான இடத்தையும் வெளில காட்டாது. 5க்கு 4 குடுக்கறேன், பதில் சொல்றது மனுஷங்கதானே, எப்ப வருவாங்கன்னு கியாரண்டி இல்ல.