ராஷியா, தபரீயா: யாரிடமிருந்து தொடங்குவது?

ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன கதையை ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்திலும் குர்ஆனின் 37-ஆம் அத்தியாயத்திலும் அடுத்தடுத்துப் படிக்க ஆசைப்பட்டேன். துணைக்கு எந்த உரையாசிரியரைக் கூப்பிடுவது என்பதுதான் சிக்கல். ராஷியையும் தபரீயையும் ஒருசேரப் புரட்டிப் பார்த்து, இரண்டே வாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டேன். பிறகு தபரீயை முதலில் எடுத்தேன். இப்போதும் அதைத்தான் சரி என்பேன்.

ராஷி (1040–1105) பிரான்சின் த்ருவா நகரத்து யூத அறிஞர், எபிரேய வேதத்துக்கு உரை எழுதியவர். தபரீ (839–923) குர்ஆனுக்கு விரிவுரை எழுதியவர்; ஈரானின் ஆமுலில் பிறந்து பாக்தாதில் மறைந்தவர். கனத்தில் இரண்டும் மலையும் மடுவும். ராஷி ஒரு சொல்லுக்கு இரண்டு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். தபரீயின் விரிவுரை இன்றைய அச்சில் இருபது தொகுதிகளைத் தாண்டும். சுலபம் வேண்டும் என்றால் ராஷிதான், பேச்சே இல்லை.

அழகும் அவரிடம் உண்டு. "உன் மகனை, உன் ஒரே மகனை, நீ நேசிக்கிற ஈசாக்கை" என்று இறைவன் ஏன் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும்? ராஷி இதை ஓர் உரையாடலாக்குகிறார். உன் மகன் என்றதும், எனக்கு இரண்டு மகன்கள் என்கிறார் ஆபிரகாம். ஒரே மகன் என்றால், இவனும் தன் தாய்க்கு ஒரே மகன், அவனும் தன் தாய்க்கு ஒரே மகன். நீ நேசிக்கிறவன் என்றால், இருவரையும் நேசிக்கிறேனே. கடைசியில்தான் ஈசாக்கு என்ற பெயர் வருகிறது. இந்த உரையாடல் யூதர்களின் பழைய சட்ட, மரபுத் தொகுப்பான தல்மூதில் இருப்பது. ராஷி அதைச் சொல்வதில்லை; பெயரை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டு விடை தருகிறார். விளக்கம் மட்டும் நம் கையில். அது எங்கிருந்து வந்தது என்பதை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

தபரீ நேர்மாறு. குர்ஆன் வசனம் அந்த மகனின் பெயரைச் சொல்லவில்லை. "மகனே, உன்னை அறுப்பதாகக் கனவு கண்டேன், நீ என்ன நினைக்கிறாய்?" என்று தந்தை கேட்க, மகன் சம்மதிக்கிறான், அவ்வளவுதான். அது இஸ்ஹாக் (ஈசாக்கு) என்றவர்களின் அறிவிப்புகளைத் தபரீ முதலில் அடுக்குகிறார், பிறகு ஆபிரகாமின் இன்னொரு மகனான இஸ்மாயீல் என்றவர்களுடையதை. ஒவ்வொன்றுக்கும் யார் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடர் உண்டு. 'என்று உரைப்பாரும் உளர்' என்ற ஒற்றை வரியோடு நம் பழைய உரைகள் கடந்துபோகும் இடத்தில், இவர் அந்த 'உரைப்பார்' ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நிறுத்துகிறார். நபியின் தோழர் இப்னு அப்பாஸின் பெயர் இரு பட்டியலிலும் வருகிறது!

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். இஸ்ஹாக் தரப்பில் ஒரு சாட்சி, யூத மதத்திலிருந்து வந்த கஅப் அல்-அஹ்பார். இஸ்மாயீல் தரப்பிலும் ஒரு சாட்சி அப்படித்தான்: கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் விசாரித்ததாகச் சொல்லப்படும், இஸ்லாத்தைத் தழுவிய ஒரு யூத அறிஞர். இரு தரப்பும் யூத மரபையே கூண்டில் ஏற்றுகின்றன. ஒப்பிட்டுப் படிக்க வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? பக்கத்து வீட்டுக் குரல் இந்த நூலுக்குள்ளேயே கேட்கிறது.

தீர்ப்பு சொல்லவும் தபரீ தயங்குவதில்லை. இஸ்ஹாக் என்பதே அவர் முடிவு. மகன் பிறப்பான் என்ற நற்செய்தி பெயரோடு வரும் இடங்களில் அது இஸ்ஹாக்கின் பெயர்தான் என்பது அவர் வாதம். மகனுக்குப் பதிலாகப் பலியான ஆட்டுக்கடாவின் கொம்புகள் இஸ்மாயீலின் ஊரான மக்காவில், கஅபாவில் தொங்கினவே என்றால், ஷாமிலிருந்து (சிரியா, பாலஸ்தீனப் பகுதி) கொண்டுவந்திருக்கலாமே என்கிறார். பிற்காலத்துக் குர்ஆன் உரையாசிரியர் இப்னு கஸீர் இதை ஏற்காமல் இஸ்மாயீல்தான் என்று உறுதியாக எழுதினார். இன்று முஸ்லிம்களிடையே பரவலாக இருப்பதும் அந்தக் கருத்தே. தமிழில் இப்னு கஸீர் கிடைக்கிறார் என்பதற்காக அவரோடு மட்டும் நின்றால், வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

அறிவிப்பாளர் பெயர்களின் வரிசை அலுப்பூட்டும், அதை மறைக்க மாட்டேன். என் அரபியும் அகராதியைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான். அது முடியாதவர்களுக்கு ஒரு வழி: தபரீயின் வரலாற்று நூல் ஆங்கிலத்தில் 40 தொகுதிகளாக இருக்கிறது, இதே விவாதம் இரண்டாம் தொகுதியில் வருகிறது. ராஷியிடம் நான் படித்தது கதைப் பகுதிகளை மட்டும். சட்டப் பகுதிகளை வைத்துப் பார்த்தால் தராசு மாறலாம்.

தபரீக்குப் பிறகு போன மாதம் ராஷியின் அந்தப் பகுதிக்குத் திரும்பினேன். "எனக்கு இரண்டு மகன்கள்" என்ற வரியைத் தாண்ட வெகுநேரம் ஆயிற்று.