ராம்ஸ்டைன் இசைத்தட்டு வாங்குகிறவர்கள் கவனத்திற்கு

ஜெர்மனியில் இருக்கும் மெட்டல் ரசிகர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஜெர்மன் மெட்டல் இசைக்குழுவான ராம்ஸ்டைனின் எட்டாவது ஸ்டுடியோ ஆல்பமான 'ட்ஸைட்' 2022 ஏப்ரல் 29 அன்று வெளியானது. உடனே "சிறப்புப் பதிப்பு, வண்ண வினைல், பாதி விலை" என்று சில இணையக் கடைகள் கூவத் தொடங்கின. அப்படியொரு கடை என்னை ஏமாற்றிவிட்டது. அங்கே பணம் கட்ட ஒரே வழி, முன்கூட்டியே வங்கிக் கணக்குக்கு அனுப்புவது.

வந்த உறைக்குள் ஒரே ஒரு தட்டு இருந்தது. அசல் வினைல் பதிப்பில் இரண்டு தட்டுகள். அட்டையைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. பெர்லின் ஆட்லர்ஸ்ஹோஃபில் 1930களில் விமான ஆய்வுக்காகக் கட்டிய கான்கிரீட் கோபுரத்தின் படிகளில் ஆறு பேரும் நிற்கும் படம் அது. எடுத்தவர் பிரையன் ஆடம்ஸ்; ஆம், பாடகர் ஆடம்ஸேதான். அந்த அழகான படத்தைக் கணினித் திரையிலிருந்து உருவி அச்சடித்திருக்கிறார்கள். பாடகர் லிண்டெமான் யார், கிதார் கலைஞர் குருஸ்பே யார் என்றே தெரியவில்லை. எல்லா முகமும் கருஞ்சாந்து.

தட்டின் நடுவில், லேபிளைச் சுற்றிப் பாட்டு இல்லாத வழவழப்பான வளையம் ஒன்று உண்டு. பதிப்பு எண்ணை அங்கேதான் பொறிப்பார்கள். விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. எங்கே வாங்கினாலும் முதலில் இதைப் பாருங்கள்.

ஒலியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிதாரும் டிரம்ஸும் ஒன்றோடொன்று குழம்பி ஒரே இரைச்சல். 'லூகன்' பாடலில் மட்டும் எது கோளாறு என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அதில் குரலின் சுருதியை மாற்றும் ஆட்டோட்யூன் மென்பொருளால் குரலை வேண்டுமென்றே சிதைத்திருக்கிறார்கள்! கடைசிப் பாடல் 'அடியூ' பாதியிலேயே அறுந்துபோனது.

புகார் எழுதினேன். "தட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து யூரோ திருப்பித் தருகிறோம்" என்று பதில் வந்தது. மறுத்ததும் வேறு கண்டத்திலுள்ள ஒரு கிடங்கின் முகவரியைக் கொடுத்து, என் செலவில் அனுப்பச் சொன்னார்கள். தட்டின் விலையைவிட அஞ்சல் கட்டணம் அதிகம். இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்ல இங்கே சட்டம் இடம் தருகிறது. அதைச் சுட்டிக்காட்டியபின் பதிலே இல்லை. வங்கியிலும் கையை விரித்துவிட்டார்கள்: பணம் அடுத்தவர் கணக்கில் ஏறிவிட்டால், பெற்றவர் சம்மதிக்காமல் திரும்பாது. காவல்துறையின் இணையப் பிரிவில் புகார் பதிந்திருக்கிறேன். தட்டு, உறை, மின்னஞ்சல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நீங்களும் ஆத்திரத்தில் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

ஜெர்மன் வணிகத் தளம் என்றால் 'இம்ப்ரெஸ்ஸும்' பக்கத்தில் உரிமையாளர் பெயரும் அஞ்சல் முகவரியும் இருந்தே ஆகவேண்டும். இந்தக் கடையில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வெறும் தொடர்புப் படிவம் மட்டுமே. அதே படங்கள், அதே விலையுடன் இப்போது வேறு பெயரில் கடை விரித்திருக்கிறார்கள். அங்கேயும் அதே படிவம்தான்.