மலிவு விலை வீட்டுத் திட்டங்கள்: சாவி கிடைத்த பிறகு ஒரு மதிப்பீடு

அரசின் வீட்டு வசதித் திட்டம் ஒன்றைத் தொடக்க விழா மேடையை வைத்து எடைபோட்டால் எல்லாத் திட்டமும் நல்ல திட்டமாகவே தோன்றும். சாவி கைக்கு வந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆன பின், பயனாளியின் வங்கிக் கணக்கைப் பார்த்து எடைபோடுவதுதான் நியாயம். அப்படிப் பார்க்கும்போது, ஒரே பெயரில் வழங்கும் இந்தச் சேவை உண்மையில் இரண்டு வகை என்பது புலப்படுகிறது: ஒன்றில் அரசு வீட்டையே கட்டித் தருகிறது, மற்றொன்றில் வீடு வாங்கப் பணம் தருகிறது. முதல் வகையைக் குறைகளோடும் பரிந்துரைக்கலாம். இரண்டாவதைப் பற்றி எனக்கு அந்தத் துணிவு இல்லை.

இங்கிலாந்தில் 2013 முதல் 2023 வரை நடைமுறையில் இருந்த ‘ஹெல்ப் டு பை’ பங்குக் கடனை எடுத்துக்கொள்வோம். வாங்குபவர் விலையில் 5 விழுக்காட்டை முன்பணமாகப் போட்டால் 20 விழுக்காடு வரை அரசு கடன் தந்தது. லண்டனில் 2016 முதல் அது 40 விழுக்காடு வரை உயர்ந்தது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வட்டி கிடையாது. இதைவிடத் தாராளம் வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் திருப்பிச் செலுத்த வேண்டியது வாங்கிய தொகையையன்று, வீட்டின் அன்றைய மதிப்பில் அதே விழுக்காட்டை. விலை 100 ஆக இருந்தபோது 20 கடன் பெற்றவர், மதிப்பு 130 ஆன பிறகு அடைக்கப் போனால் 26 கட்ட வேண்டும். மதிப்பு சரிந்தால் கடனும் சரியும் என்பது உண்மைதான். எனினும் விலை ஏறும் என்று நம்பித்தானே பெரும்பாலோர் வீடு வாங்குகிறார்கள்.

அதைவிடப் பெரிய கோளாறு வேறிடத்தில் இருந்தது. கடன் புது வீடுகளுக்கு மட்டும் என்றானதால், வாங்குபவரின் கையில் எவ்வளவு கூடியிருக்கிறது என்பது கட்டுநருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நிலம் தாராளமாகக் கிடைக்கும் பகுதியில் கூடுதல் வீடுகள் எழுந்தன. நிலம் இறுகிய பகுதியில் விலைதான் எழுந்தது. உதவி மிகவும் தேவைப்பட்ட பகுதிகளில் மானியத்தின் மதிப்பைக் காட்டிலும் விலை கூடிவிட்டது என்று பிரிட்டன் பிரபுக்கள் அவையின் குழுவே 2022-இல் கூறியது. இந்தியாவில் 2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் வட்டி மானியத்துக்கு வேறொரு வாசல் காவல் இருந்தது: வங்கி கடன் கொடுத்தால்தான் மானியம் வரும். சம்பளச் சீட்டு இல்லாத கூலித் தொழிலாளி அந்த வாசலிலேயே நின்றுவிட வாய்ப்பு அதிகம்.

கட்டித் தரும் வகையில் சிங்கப்பூருக்கு நிகர் குறைவு. 1960-இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் அந்நாட்டுக் குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் சொந்த வீட்டுக்காரர்கள். அரசு முதலில் நிலத்தைக் கையில் எடுத்து, பிறகு கட்டியதே இதன் சூட்சுமம். ‘சொந்தம்’ என்ற சொல்லைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும், அவ்வளவே: அது 99 ஆண்டுக் குத்தகை, காலம் கரையக் கரைய மறுவிற்பனை மதிப்பும் கரையும். திருமணமாகாதவர் 35 வயது வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ளவர்களின் நெடுநாள் மனக்குறை.

வாடகைதாரரை எந்தத் திட்டமும் முதலில் நினைப்பதில்லை என்ற பொதுவான புகாருக்கு வியன்னா விதிவிலக்கு. 1920-களில் தொடங்கிய நகராட்சிக் குடியிருப்புகளும் மானியக் குடியிருப்புகளும் சேர்ந்து அந்நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இடம் தருகின்றன; நகராட்சி வீட்டில் ஒருமுறை குடியேறியவரை, பின்னாளில் வருமானம் உயர்ந்தது என்பதற்காக வெளியேற்றுவதில்லை. உள்ளே இருப்பவருக்கு இது வரம். நகரத்துக்குப் புதிதாக வருபவர் இரண்டு ஆண்டுகள் அங்கு வசித்த பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பதால், அதுவரை வெளிச்சந்தை வாடகைதான்.

அமெரிக்காவின் வாடகைச் சீட்டு முறை காகிதத்தில் இன்னும் நேர்த்தியானது: குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 விழுக்காட்டைக் கொடுக்க, ஓர் உச்சவரம்புக்குள் மீதியை அரசு கொடுக்கிறது. ஆனால் தகுதியுள்ள குடும்பங்களில் சுமார் நான்கில் ஒன்றுக்குத்தான் வாடகை உதவியே கிடைக்கிறது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சீட்டைப் பெற்றவருக்கும் வீடு தேடக் குறைந்தது 60 நாள் கெடு என்பதே விதி. வீட்டுக்காரர்கள் மறுத்துக்கொண்டே போனால், கெடு முடிந்து அந்தச் சீட்டே காலாவதியாகிவிடக்கூடும்.

விண்ணப்பிப்பவர்கள் வட்டி விகிதத்தைப் பார்க்கும் கவனத்தில் பாதியையாவது மறுவிற்பனை நிபந்தனைக்கும் கொடுக்க வேண்டும். திட்டம் வகுப்பவர்களுக்கும் அதுவே பொருந்தும். பிரிட்டனில் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியிருந்த அரசு வீட்டையே தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமை வந்தது. வாங்கியவர்களுக்குக் கொள்ளை லாபம். ஆனால் விற்ற வேகத்தில் அரசு புதிதாகக் கட்டவில்லை. ஸ்காட்லாந்து 2016-இலும் வேல்ஸ் 2019-இலும் அந்த உரிமையை நிறுத்திவிட்டன. அன்று விற்கப்பட்ட வீடுகளில் கணிசமானவை இன்று தனியார் வாடகைக்கு விடப்படுகின்றன. வசதி குறைந்தவர்கள் அவற்றில் குடியிருக்கும்போது, வாடகையில் ஒரு பகுதியை உதவித்தொகையாகக் கட்டுவது அதே அரசுதான்.