கழிவுத் தொட்டி நாற்றத்துக்கு 684 பவுண்டு: கால்வாய்ப் படகு வைத்திருப்போர் கவனத்துக்கு

இங்கிலாந்தில் நேரோபோட் எனப்படும் கால்வாய்ப் படகில் குடியிருக்கும் தமிழர்களும், வீட்டு வாடகைக்குப் பயந்து அப்படி ஒன்றை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு படகுப் பட்டறை என்னிடம் 684 பவுண்டு வாங்கியது. அந்தப் பணத்துக்கு அவர்கள் செய்த வேலைகளில் ஒன்றுகூடத் தேவைப்பட்டதில்லை. அதைவிட, குறையை உண்டாக்கியவர்களே அவர்கள்தான். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது. அவர்கள் செய்தது என்ன என்பது தெரிந்தால் எந்தப் பட்டறையிலும் நீங்கள் ஏமாறாமல் இருக்கலாம்.

லண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கும் கிராண்ட் யூனியன் கால்வாயில் எங்கள் படகு நிற்கிறது. அகலம் 2 மீட்டருக்குச் சற்றே கூடுதல், நீளம் 17 மீட்டர். ரயில் பெட்டி ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டது போல இருக்கும். கழிப்பறையில் கழிவை அரைத்துத் தள்ளும் மோட்டார் ஒன்று உண்டு. அங்கிருந்து ஒரு ஹோஸ் வழியாகக் கழிவு எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கும் 250 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்குப் போகிறது. கழிவைக் கால்வாயில் திறந்துவிட அனுமதி கிடையாது. நான்கைந்து வாரங்களுக்கு ஒருமுறை மரினா எனப்படும் படகுத் துறைக்குப் போய் உறிஞ்சு குழாய் போட்டு எடுத்துவிட வேண்டும். இதைப் பம்ப்-அவுட் என்பார்கள். இரண்டு வருடம் இப்படித்தான் வாழ்ந்தோம். கட்டிலுக்கு அடியில் அப்படி ஒரு தொட்டி இருப்பது விருந்தாளிகளுக்குத் தெரியவே தெரியாது.

சென்ற மார்ச் மாதம் படகைத் தண்ணீரிலிருந்து எடுத்து அடிப்பகுதிக்குத் தார் பூசக் கொடுத்தோம். இரும்புப் படகு துருப்பிடிக்காமல் இருக்க இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை இதைச் செய்தே ஆக வேண்டும். வேலை முடிந்ததும் பளபளக்கும் கருப்பில் படகைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது.

ஏப்ரல் நடுவில் வாடை தொடங்கியது. முதலில் கழிப்பறையில் மட்டும், அழுகிய முட்டை வாடை. பிறகு படுக்கையறை. ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பிய மனைவி, கதவருகே நின்று தன் கோட்டின் கையை என் முகத்தருகே நீட்டி, “இதில் வருகிறதா பாருங்கள்” என்றாள். வந்தது. அன்றிலிருந்து அவள் கோட்டையும் அலுவலக உடைகளையும் மூட்டை கட்டித் தோழி வீட்டில் வைத்து, அங்கே போய் மாற்றிக்கொண்டு அலுவலகம் போனாள். அந்த இரண்டு மாதங்கள் அவள் பட்ட கூச்சத்தை நான் மறக்கமாட்டேன்.

தார் பூசிய பட்டறையையே அழைத்தேன். வந்தவர் கழிப்பறைக்குள் தலையை நீட்டி முகர்ந்துவிட்டு, “தொட்டி என்றால் நாறத்தான் செய்யும்” என்றார். ஊதா நிறத் திரவம் ஒரு பாட்டில் 18 பவுண்டு. மூன்று பாட்டில் வாங்கினேன். அதன் செயற்கை வாசனை நாற்றத்தோடு கலந்து இன்னும் குமட்டியது. அடுத்த முறை கரி வடிகட்டி ஒன்றைத் தொட்டியிலிருந்து வெளியே போகும் காற்றுக்குழாயில் பொருத்தினார், 145 பவுண்டு. பத்து நாளில் நிலைமை மோசமானது. பிறகு கழிப்பறையின் ரப்பர் வால்வை மாற்றினார், 95 பவுண்டு. அதற்கும் மசியவில்லை என்றதும், “ஹோஸ் ஊறிப்போய்விட்டது, கழிவுக்கென்றே செய்த உயர்ரக ஹோஸ் போட வேண்டும்” என்று 390 பவுண்டுக்குப் புது ஹோஸ் போட்டார். கடைசியில் தொட்டியையே மாற்ற வேண்டும் என்று 2,200 பவுண்டுக்கு விலைப்பட்டியல் கொடுத்தார். கட்டிலை உடைத்துத்தான் தொட்டியை எடுக்க முடியும், அதற்குத் தனிக் கூலி.

இத்தனை முறை வந்தவர் ஒருமுறைகூடப் படகின் மறுபக்கத்தைப் போய்ப் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் தஞ்சாவூரிலிருந்து அப்பா வந்தார். மகன் படகில் குடியிருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு ஆசையோடு வந்தவர். முதல் இரவு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பெட்டியிலிருந்து ஊதுபத்தி எடுத்து ஏற்றிவைத்தார். மூன்றாம் நாள் காலை காபி டம்ளரோடு படகின் பின்தளத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: “தம்பி, இந்தத் தொட்டிக்குக் காற்றுப்போக்கி எங்கே இருக்கிறது?”

எங்கள் ஊர் வீட்டைக் கொத்தனார் பக்கத்திலேயே நின்று கட்டியவர் அவர். செப்டிக் டேங்கிலிருந்து மொட்டை மாடிக்கு மேலே ஒரு குழாய் போகும், உச்சியில் கொசு வலை கட்டியிருக்கும், நம் ஊரில் பல வீடுகளில் பார்க்கலாம். அந்த வலை தூசியில் அடைந்தால் வாடை குளியலறைக்குள் வரும் என்பது அவருக்குத் தெரியும். காற்றுக்குழாயில் வடிகட்டி பொருத்தியிருக்கிறார்கள் என்றேன். “அது சரி, குழாயின் வெளிமுனையில் காற்று வருகிறதா?” என்றார்.

வெளிமுனை படகின் இடது பக்கத்தில், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் ஒரு சிறிய பித்தளை மூடி. கட்டைவிரல் நகம் அளவுக்குத் துவாரம், பூச்சி போகாமல் உள்ளே சன்னமான வலை. நாங்கள் எப்போதும் வலது பக்கத்தைக் கரையோடு கட்டி நிறுத்துவதால் அது கண்ணில் படுவதில்லை. அன்றே படகை ஓட்டிப்போய், கால்வாய் அகன்றிருக்கும் இடத்தில் திருப்பி, இடது பக்கம் கரைக்கு வருமாறு கட்டினோம். பித்தளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மூடி முழுவதும் கருப்பு. வலையின் கண் ஒவ்வொன்றிலும் தார் இறங்கி இறுகிக் கிடந்தது. உருளையால் தார் பூசியவர் மூடியின் மேலேயே இரண்டு முறை உருட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு துண்டுக் காகித நாடா ஒட்டி மறைத்திருந்தால் போதும்.

ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்தினேன். குக்கர் விசில் அடங்கும்போது வருவது போல ஒரு சீறல். அது நிற்க எவ்வளவோ நேரம் ஆனது. அப்பா என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்து, முகத்தை அங்கே வைக்காதே என்றார். அவர் சொன்னது சரி. அழுகிய முட்டை வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும், அளவு கூடினால் நரம்பை மரத்துப்போகச் செய்து மூக்குக்கு வாடையே தெரியாமல் அடித்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று நினைத்துத் தொட்டிக்குள் தலையை விடுவது உயிருக்கு ஆபத்து. படகுத் தொட்டி சிறியதுதானே என்று யாரும் அலட்சியமாக இருக்காதீர்கள்.

நடந்தது இதுதான். தொட்டியில் போதிய பிராணவாயு இருந்தால் அதில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைத்துப் பெரும்பாலும் கரியமில வாயுவாக்கிவிடும். அதற்கு வாடை கிடையாது. காற்று நின்றால் அந்த பாக்டீரியாக்கள் மடிந்து, காற்று தேவைப்படாத வேறு வகை பெருகும். நாற்றத்தைத் தயாரிப்பவை அவைதான். காற்றுக்குழாய் அடைபட்ட தொட்டியில் ஒவ்வொரு முறை கழிப்பறையை இயக்கும்போதும் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. வெளியே போக வழியில்லாத வாயு கழிப்பறைப் பீங்கான் வழியாகத் திரும்பி வருகிறது. அதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றி முடித்த பிறகும் பீங்கானின் அடியில் உலைத் தண்ணீர் போலக் குமிழ்கள் வந்துகொண்டிருந்தன. அதைப் பட்டறைக்காரரிடம் காட்டினேன். அதற்குத்தான் ரப்பர் வால்வை மாற்றினார். மே மாதம் அவர்கள் இடத்திலேயே பம்ப்-அவுட் செய்தபோது பீங்கானில் இருந்த தண்ணீரைத் தொட்டி கடகடவென்று உள்ளே இழுத்தது. அதையும் பக்கத்தில் நின்று பார்த்தார். உள்ளே போகக் காற்றுக்கு வேறு வழி இல்லாததால்தான் இழுக்கிறது என்பது படகு வேலை தெரிந்த எவருக்கும் அந்த நொடியே விளங்கியிருக்க வேண்டும். பிறகு வேறொரு மரினாவில் பம்ப்-அவுட் செய்பவரிடம் இதைச் சொன்னபோது, அடைபட்ட நிலையில் வேகமாக உறிஞ்சினால் பிளாஸ்டிக் தொட்டி உள்வாங்கி நசுங்கிவிடும் என்றார். எங்களுடையது தப்பியது.

அந்த ஊதா பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வகை ஊதாத் திரவங்களில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அது நல்லது கெட்டது பார்க்காமல் எல்லா பாக்டீரியாக்களையும் கொல்லும். சிதைவு நின்று கழிவு அப்படியே கிடக்கும், வாசனைதான் மேலே மிதக்கும். வீட்டு பிளீச் ஊற்றுவது அதைவிடக் கெடுதல். ரப்பர் பாகங்களை அரிக்கும், சிறுநீரோடு கலந்து மூச்சை அடைக்கும் வாயுவைத் தரும். காற்று நன்றாகப் போய்வரும் தொட்டிக்குப் பெரும்பாலும் ஒன்றுமே ஊற்றத் தேவையில்லை. கரி வடிகட்டி, குழாயில் காற்று ஓடினால்தான் வேலை செய்யும். அது ஈரமானால் தானே அடைப்பாகிவிடும். எங்கள் குழாய் மூடிக் கிடக்கும்போது அதன் நடுவில் வடிகட்டி பொருத்தியவர், குழாயில் வாய் வைத்து ஊதிப் பார்க்கக்கூட வேண்டாம், சைக்கிள் பம்பு ஒன்றை வைத்து அழுத்தியிருந்தாலே தெரிந்திருக்கும்.

தொட்டியை இரண்டு முறை கழுவி எடுத்து, நான்கு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி விட்டோம். ஒரு வாரத்தில் வாடை முக்கால்வாசி போய்விட்டது. மீதி ஏன் போகவில்லை என்று பார்த்தபோதுதான் ஹோஸ் விஷயம் வெளிவந்தது. இதற்கு எளிய சோதனை உண்டு: துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஹோஸைச் சுற்றி ஒரு நிமிடம் வைத்திருங்கள், பிறகு துணியைப் படகுக்கு வெளியே எடுத்துப்போய் முகருங்கள். துணி நாறினால் ஹோஸின் சுவர் வழியாக வாடை கசிகிறது. ஒரு மாதமே ஆன, 390 பவுண்டு கொடுத்த ஹோஸைச் சுற்றிய துணியை என்னால் மூக்கருகே கொண்டுபோக முடியவில்லை. கழிவுக்கென்று செய்த ஹோஸில் உற்பத்தியாளர் பெயரும் வகையும் வரிசையாக அச்சடித்திருக்கும். இதில் ஓரெழுத்துகூட இல்லை. படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கப் போடும் மலிவான வரிவரி ஹோஸ் அது. பில்லில் 4 மீட்டர் என்று போட்டிருந்தார்கள். கழற்றி அளந்தால் இரண்டரை மீட்டர். நல்ல ஹோஸ் வாங்கி நானே மாற்றினேன். கூடவே 19 மில்லிமீட்டர் காற்றுக்குழாயை எடுத்துவிட்டு, தொய்வில்லாமல் நேராகப் போகும்படி 38 மில்லிமீட்டர் குழாய் போட்டேன். தொய்வு இருந்தால் அதில் நீர் தேங்கி மறுபடி அடைக்கும்.

பணத்துக்கு வருகிறேன். ஹோஸுக்கு மட்டும் கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தேன். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ளதைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவர் செய்த தவறுக்குக் கார்டு நிறுவனமும் பொறுப்பு. பில்லையும், அச்செழுத்தில்லாத ஹோஸை அளவு நாடாவோடு எடுத்த படத்தையும் அனுப்பினேன். 390 பவுண்டு திரும்ப வந்துவிட்டது. மீதி 294 பவுண்டை வங்கி வழியாக நேரடியாக அனுப்பியிருந்தேன். “கொஞ்சம் தள்ளுபடி தருகிறோம், வங்கியில் போட்டுவிடுங்கள்” என்று அவர்கள் கேட்டபோது சரி என்றது நான் செய்த தவறு. பட்டறையில் யார் அப்படிக் கேட்டாலும் கார்டையே நீட்டுங்கள்.

2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, 14 நாள் கெடு வைத்துக் கடிதம் எழுதினேன். தார் தங்களுடையது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று பதில் வந்தது. மார்ச் மாதம் வேலை முடிந்த அன்று அவர்களே பெருமையாக அனுப்பிய படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம், பின்னாலிருந்து மூன்றாவது ஜன்னலுக்கு நேர் கீழே, பித்தளை இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு மொட்டு ஒன்று தெரிகிறது. அந்தப் படத்தோடு சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 10,000 பவுண்டு வரையிலான வழக்குகளை அங்கே வக்கீல் இல்லாமலே நடத்தலாம்.

தார் அடைத்த அந்த வலையைக் கழற்றி, கழற்றிய தேதியை எழுதி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன். நீதிபதி கேட்டால் காட்ட வேண்டும் என்று அப்பா விமானம் ஏறும் முன் சொல்லிவிட்டுப் போனார்.