வால்பாறைக் காட்டுத் துண்டுகளை அளக்க கியூஜிஐஎஸ்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தேயிலை, கொஞ்சம் காபி. நடுநடுவே மழைக்காட்டின் மிச்சங்கள்: சில துண்டுகள் ஒரு ஹெக்டேர்கூட வராது, சில நூறு ஹெக்டேரைத் தாண்டும். சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் இன்னும் அங்கே இருப்பது இந்தத் துண்டுகளால்தான். துண்டுகள் எத்தனை, எவ்வளவு பெரியவை, ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன, வெயிலும் காற்றும் படாத உட்பகுதி எவ்வளவு என்று கணக்கெடுக்கத்தான் சில ஆண்டுகளாக கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளையும், புள்ளியியலுக்கான ஆர் நிரல் மொழியில் இயங்கும் லேண்ட்ஸ்கேப்மெட்ரிக்ஸ் தொகுப்பையும் பயன்படுத்தி வருகிறேன். இரண்டுமே திறந்த மூல மென்பொருள்கள்.

இந்த வேலைக்கு ரொம்ப காலம் எல்லோரும் நாடியது ஃப்ராக்ஸ்டாட்ஸ் என்ற மென்பொருளை. 1995இல் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் அளவீடுகளில் பலவற்றின் வரையறை அதிலிருந்து வந்ததுதான். லேண்ட்ஸ்கேப்மெட்ரிக்ஸ் 2019இல் அதே வரையறைகளை ஆர் மொழிக்குள் கொண்டுவந்தது. ஒரு எண் ஏன் இப்படி வருகிறது என்று சந்தேகம் வந்தால், அந்தக் கணக்கின் நிரலையே திறந்து படித்துவிடலாம். எனக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். முதல் சிக்கல் வரைபடத்திலேயே இருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை இலவசமாகத் தரும் வேர்ல்ட்கவர் வரைபடம் 10 மீட்டர் பிக்சல் கொண்டது, அதாவது அதன் ஒவ்வொரு கட்டமும் தரையில் 10க்கு 10 மீட்டர்; நல்ல தரம். ஆனால் அதில் 'மரப் பரப்பு' என்றால் மரம் இருக்கும் இடம், அவ்வளவுதான். நிழல் மரத்துக்குக் கீழே வளரும் காபித் தோட்டமும் அதில் காடாகவே விழும். அப்படியே அளந்தால் வால்பாறையில் காடு தாராளமாக இருப்பதுபோலத் தெரியும். மேகம் குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கொண்டு, காபியையும் காட்டையும் கையால் பிரித்து வரைவதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று: அந்த வரைபடத்தின் 2020, 2021 பதிப்புகள் வெவ்வேறு வழிமுறைகளில் தயாரானவை. இரண்டையும் கழித்துப் பார்த்து 'ஒரே ஆண்டில் இவ்வளவு காடு போய்விட்டது' என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

அடுத்து, அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் இருக்கும் வரைபடத்தை மீட்டருக்கு மாற்ற வேண்டும். அதற்கான யுடிஎம் மண்டலம் வால்பாறைக்கு 43 வடக்கு. மாற்றும்போது மிக அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுக்கும் 'நியரஸ்ட் நெய்பர்' முறையே இருக்கட்டும். வேர்ல்ட்கவரில் மரத்தின் குறியீடு 10, கட்டடத்தின் குறியீடு 50. சராசரி எடுக்கும் முறையைத் தேர்ந்தால் இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் 30 வரலாம். 30 என்றால் புல்வெளி! இல்லாத புல்வெளி காட்டைச் சுற்றி ஒரு வளையமாக முளைத்துவிடும்.

உட்பகுதிக் கணக்கில்தான் அதிக கவனம் வேண்டும். லேண்ட்ஸ்கேப்மெட்ரிக்ஸில் ஓரத்தின் ஆழத்தை, அதாவது விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே வரை ஓரம் என்று கழிப்பது என்பதை, மீட்டரில் கொடுப்பதில்லை, பிக்சலில் கொடுக்கிறோம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு பிக்சல். 90 மீட்டருக்கு 90 மீட்டர் சதுரமான ஒரு காட்டுத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் பிக்சலில் அது 9க்கு 9. ஓரத்தைக் கழித்தால் 7க்கு 7, அதாவது 0.49 ஹெக்டேர் உட்பகுதி. அதே துண்டு லேண்ட்சாட் செயற்கைக்கோளின் 30 மீட்டர் பிக்சலில் 3க்கு 3. மிஞ்சுவது ஒரே ஒரு பிக்சல், 0.09 ஹெக்டேர். காட்டில் ஒரு மரம்கூடக் குறையவில்லை. அதனால் பிக்சல் அளவையும் ஓர ஆழத்தையும் சொல்லாத அறிக்கையில் உட்பகுதி எவ்வளவு என்று போட்டிருந்தால் நான் அதை எடுத்துக்கொள்வதில்லை.

இதேபோல இன்னொரு இடம். உதிரிப் பிக்சல்களை நீக்க கியூஜிஐஎஸ்ஸில் இருக்கும் 'சீவ்' கருவி, மேல், கீழ், இடம், வலம் என நான்கு பக்கம் ஒட்டியிருப்பதை மட்டுமே ஒரே துண்டாக எண்ணும். லேண்ட்ஸ்கேப்மெட்ரிக்ஸோ மூலைவிட்டத்தையும் சேர்த்து எட்டு பக்கம் பார்க்கும். இரண்டிலும் ஒரே விதியை வைக்காவிட்டால், நடு ஆறு என்ற ஆற்றின் கரையில் ஒன்றிரண்டு பிக்சல் அகலத்தில் வளைந்து போகும் மரவரிசை சீவும்போதே அங்கங்கே அறுந்துவிடும். யானைகள் நடமாடும் வழி அது. சீவ் கருவியில் எட்டுப் பக்கத்துக்கான பெட்டியை டிக் செய்தால் போதும்.

அப்புறம் சாலை. வால்பாறையின் புதுத்தோட்டத்தில் காட்டுக்குள்ளேயே போகும் தார்ச்சாலை 10 மீட்டர் படத்திலும் பல இடங்களில் கிளைகளுக்குக் கீழே மறைந்துவிடுகிறது; மென்பொருள் அதை ஒரே துண்டு என்கிறது. தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கும் சிங்கவால் குரங்குக்கு அது ஒரே துண்டு இல்லை. அதற்காகத்தான் அங்கே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து சாலைக் கோட்டை எடுத்து ராஸ்டரில், அதாவது பிக்சல்களாலான நம் வரைபடத்தில், பதித்துவிட்டு ஒருமுறை, பதிக்காமல் ஒருமுறை என்று இரண்டு கணக்கும் போடுகிறேன். பறக்கும் இருவாச்சிக்கு ஒன்று, குரங்குக்கு ஒன்று.

குறை என்றால், 2018இல் கியூஜிஐஎஸ் 3 வந்தபோது பழைய பிளகின்கள் (துணை நிரல்கள்) பல அப்படியே வேலை செய்யவில்லை. திருத்தி எழுதப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து நீண்டகால ஆதரவுப் பதிப்பை மட்டுமே நிறுவுகிறேன். வேலையின் படிகளை கியூஜிஐஎஸ்ஸின் மாடல் டிசைனரில் கோர்த்து வைத்தால் அடுத்த ஆண்டுப் படத்துக்கும் அதே வரிசை அப்படியே ஓடும், கேட்பவர்களுக்கும் அந்தக் கோப்பைக் கொடுத்துவிடலாம். அண்டைத் துண்டுக்கான தூரக் கணக்கு மட்டும் பெரிய ராஸ்டரில் மடிக்கணினியைத் திணறடிக்கும். முதலில் ஆய்வுப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெட்டும்போது மேட்டுநிலத்தின் எல்லையோடு நிறுத்தாமல், சுற்றியுள்ள காப்பகக் காட்டிலும் சில கிலோமீட்டர் சேர்த்து வெட்டுங்கள். இல்லையென்றால் எல்லையோரத் துண்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காடு கணக்கிலேயே வராது.