பியானோ வகுப்பு: இசை மையமா, ஆசிரியரின் வீடா, நம் வீட்டுக் கூடமா?

பிள்ளையைப் பரதநாட்டியத்துக்கோ வாய்ப்பாட்டுக்கோ சேர்க்க நினைக்கும் கோலாலம்பூர்த் தமிழ்க் குடும்பத்துக்கு வழி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸிலிருந்து பக்கத்துக் கோயில் மண்டபத்து வகுப்பு வரை, அத்தையோ அக்காவோ யாராவது ஒருவர் முன்பே போய்வந்து விவரம் வைத்திருப்பார். பியானோ என்று சொன்னால் அப்படி விவரம் வைத்திருப்பவர்கள் குறைவு. கடைவீட்டு மாடியிலோ பேரங்காடியிலோ இயங்கும் இசை மையம், தம் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், நம் வீடு தேடி வரும் ஆசிரியர், இணையவழி வகுப்பு என நான்கு வழிகள் இருக்க, பெரும்பாலோர் மாதக் கட்டணத்தையும் கார் நிறுத்த இடமிருக்கிறதா என்பதையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். பிறகு மகளுக்காக மூன்று வழிகளையும், நாற்பது வயதைத் தாண்டிய எனக்காக ஒரு வழியையும் முயன்று பார்த்ததில், இவற்றை எந்த அளவுகோலால் ஒப்பிட வேண்டும் என்பதில் எனக்கு ஓர் உறுதியான எண்ணம் ஏற்பட்டிருக்கிறது.

தொடக்கநிலை மாணவருக்கு வகுப்பு வாரம் ஒருமுறை 30 நிமிடம். மற்ற ஆறு நாளும் பிள்ளை வீட்டில் 20 நிமிடம் வாசித்தால் அது இரண்டு மணி நேரம் ஆகிறது. அதாவது, அந்த வாரம் பிள்ளை பியானோவின் முன் உட்கார்ந்த நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஆசிரியரின் கண்ணில் படாமலேயே கழிகிறது. தவறான விரல், வளைந்த முதுகு, எண்ணாமல் விடப்பட்ட தாளம் யாவும் படிந்து பழக்கமாவது இந்த நான்கு பங்கில்தான். ஆகவே, எந்த ஏற்பாடு வீட்டுப் பயிற்சியை அதிகம் எட்டுகிறது என்பதே என் முதல் கேள்வி. கட்டணம் அதற்கு அடுத்தது.

இசை மையம்

மையத்தின் வசதிகளைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. நாளும் நேரமும் நிலையாக இருக்கும். தேர்வுக்குப் பெயர் பதிவது, புத்தகம் வாங்குவது, ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளை மேடையேற்றுவது எல்லாவற்றையும் அலுவலகமே பார்த்துக்கொள்ளும். ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை என்றால் பெரும்பாலும் இன்னொருவரை ஏற்பாடு செய்வார்கள். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கோ மையத்தின் குழு வகுப்பே நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. 1954இல் ஜப்பானில் தொடங்கிய யமஹா இசைப்பள்ளியின் முறை இதற்கு எடுத்துக்காட்டு: பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள், பாடுகிறார்கள், அதன் பிறகே வாசிக்கிறார்கள். பாட்டு வகுப்பில் சரளி வரிசையைச் சேர்ந்து பாடிப் பழகும் நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

தனி வகுப்புக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. மாதம் 160 ரிங்கிட், நான்கு வகுப்பு, ஒவ்வொன்றும் 30 நிமிடம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மணிக்கு 80 ரிங்கிட் கொடுக்கிறோம். அதில் ஒரு பகுதி மையத்தின் வாடகைக்கும் நிர்வாகத்துக்கும் போன பிறகே ஆசிரியரின் கைக்கு வருகிறது. திறமையான ஆசிரியர்கள் சில ஆண்டுகளில் மாணவர்கள் சேர்ந்ததும் தனியாகப் போய்விடுவது இதனால்தான். என் மகள் படித்த மையத்தில் 14 மாதங்களில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் கெட்டிக்காரர்தான், ஆனாலும் ஒவ்வொருவரும் வேறு புத்தகத்தைத் தொடங்கினார்கள். முதலாமவர் ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் எண்ணைப் பென்சிலால் எழுதினார், இரண்டாமவர் அவற்றையெல்லாம் அழிக்கச் சொன்னார், மூன்றாமவர் மறுபடி எழுதினார். மகளின் புத்தகத்தில் அந்தப் பக்கம் ரப்பர் தேய்த்துத் தேய்த்துக் கிழிந்தே போயிற்று. விடுப்பு விதிகளையும் சேரும் முன்பே படித்துவிடுவது நல்லது. முன்னறிவிப்பு இல்லாமல் தவறவிட்ட வகுப்புக்கு மாற்று வகுப்பு கிடைக்காது என்பதே பல மையங்களின் வழக்கம். தைப்பூசமும் தீபாவளியும் வகுப்பு நாளில் வந்தால் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எனினும், மையத்தில் எனக்குப் பட்ட பெரிய குறை ஆசிரியர் மாற்றத்தைக் காட்டிலும் வேறொன்று. அது என்ன என்பதே, ஓர் ஆசிரியை எங்கள் வீடு தேடி வந்த முதல் நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

வீடு தேடி வரும் ஆசிரியர்

அந்த ஆசிரியை உள்ளே வந்ததும் புத்தகத்தைத் திறக்கவில்லை. சாப்பாட்டு மேசைமேல் வைத்திருந்த 61 கட்டைக் கீபோர்டையும், அதன் முன்னே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியையும் பார்த்தார். மகளை உட்காரச் சொன்னார். மேசை உயரமாக இருந்ததால் அவளுடைய முழங்கை கட்டைகளின் மட்டத்துக்குக் கீழே தொங்கியது. மணிக்கட்டை மேலே வளைத்துத்தான் அவளால் விரலை வைக்க முடிந்தது. கால்கள் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. கட்டை விரலை நடுவிரலுக்கு அடியில் நுழைத்து நான்காவது சுரத்துக்குப் போகும் இடத்தில், அவள் தோளையே தூக்கித் தூக்கி வாசித்ததற்கு அதுதான் காரணம். மையத்தில் மூன்று ஆசிரியர்களும் "தோளைத் தளர்த்து" என்று 14 மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே சரியான ஸ்டூல், இங்கே இந்த நாற்காலி என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. அன்று மாலையே மேசைக்குப் பதில் தாழ்வான தாங்கி வாங்கினோம், காலுக்கடியில் மணைப்பலகையைப் போட்டோம். இரண்டு வாரத்தில் தோள் இறங்கிவிட்டது.

வீட்டுப் பயிற்சியை நேரடியாக எட்டுவதில் இந்த வழிக்கு ஈடில்லை. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு அலைச்சலும் மிச்சம். ஆனால், கோலாலம்பூரில் மாலை ஐந்து மணிக்கு மழை பிடித்தால் கூட்டரசு நெடுஞ்சாலை என்ன ஆகும் என்பதை இங்கே வசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர் வழியில் செலவிடும் நேரமும் கட்டணத்தில் சேரும், அது நியாயமும்கூட. வீட்டின் கவனச்சிதறல்களும் சேர்ந்து வரும். எங்கள் பாட்டிக்கு, வீட்டுக்கு வந்தவரை ஒன்றும் கொடுக்காமல் உட்காரவைக்க மனம் வராது. தேநீரும் வடையும் வந்து, ஆசிரியை மரியாதைக்காக இரண்டு வாய் சாப்பிட்டு, மறுபடி தாளத்தைப் பிடிப்பதற்குள் 30 நிமிடத்தில் ஆறு நிமிடம் போய்விடும். இன்னொரு குறையும் உண்டு. தன் வீட்டுக் கருவியில் மட்டுமே வாசித்துப் பழகிய பிள்ளை, தேர்வு அறையில் கட்டை கனமான வேறொரு பியானோவைக் கண்டதும் தடுமாறும்.

ஆசிரியரின் வீடு

இப்போது மகள் போய்வருவது இந்த வழியில்தான். தரைவீட்டின் முன்கூடத்தில் பியானோ, பக்கத்தில் காத்திருப்பவர்களுக்கு ஒரு சோபா. பத்து நிமிடம் முன்னதாகப் போனால், முந்தைய மாணவரின் பாடத்தைக் கேட்கலாம். பியானோ தேர்வின் ஐந்தாம் கிரேடில் (படிநிலையில்) இருக்கும் அக்கா ஒருவர் ஒரே நான்கு அடியைப் பதினைந்து முறை மெதுவாக வாசித்ததை மகள் அங்கே பார்த்தாள். பெரியவர்களுக்கும் முதல் தடவையிலேயே வந்துவிடுவதில்லை என்பதை நான் எத்தனை தடவை சொல்லியும் ஏற்காதவள், அதைப் பார்த்தபின் வீட்டிலும் மெதுவாக வாசிக்கத் தொடங்கினாள். ஆண்டுக்கணக்கில் ஒரே ஆசிரியர், நல்ல மரப் பியானோ, மையத்தின் பங்கு இல்லாத கட்டணம் ஆகியவை மற்ற அனுகூலங்கள். எதிர்ப்பக்கத்தில், அவருக்குக் காய்ச்சல் என்றால் வகுப்பு இல்லை; தகுதியைச் சரிபார்க்க அலுவலகமும் இல்லை. எட்டாம் கிரேடு முடித்தவுடன் கற்பிக்க வந்துவிட்டவரா, அதற்குமேல் டிப்ளோமா தேர்வுகள் எழுதியவரா என்று கேட்பதில் தவறில்லை. சிறு பிள்ளை என்றால் வகுப்பு நடக்கும் இடத்திலேயே பெற்றோர் உட்காரலாமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். தயங்கும் ஆசிரியர் வேண்டாம்.

இவர் நம் வீட்டைப் பார்ப்பதில்லையே என்ற குறையை நாங்கள் ஓர் எளிய வழியில் சரிக்கட்டுகிறோம். புதன்கிழமைதோறும் மகள் வீட்டில் வாசிப்பதைப் பக்கவாட்டிலிருந்து இரண்டு நிமிடம் கைப்பேசியில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு முன்பே தவறு பிடிபட்டுவிடுகிறது.

இணையவழி வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒலி தாமதமாகச் சென்று சேர்வதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. நீண்டு ஒலிக்கும் சுரத்தைப் பின்னணி இரைச்சல் என்று எண்ணிச் செயலி வெட்டிவிடும், ஜூமில் அதற்கான அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். தொடக்கநிலைப் பிள்ளைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தியரி (இசைக் கோட்பாட்டு) பாடத்துக்கு மட்டும் இது நன்றாகவே பொருந்துகிறது.

ஏபிஆர்எஸ்எம்மா, டிரினிட்டியா?

எந்த வழியில் படித்தாலும் மலேசியாவில் கிரேடு பற்றிய பேச்சு ஆறு மாதத்துக்குள் வந்துவிடும். 1889இல் தொடங்கிய பிரிட்டிஷ் இசைத்தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்மின் (ABRSM) செய்முறைத் தேர்வில் மூன்று உருப்படிகளுடன் ஸ்கேல்கள் (சுர வரிசைகள்), பார்த்தவுடன் வாசித்தல், செவித்திறன் ஆகியவை உண்டு. 150க்கு 100 எடுத்தால் தேர்ச்சி, 120க்கு மெரிட், 130க்கு டிஸ்டிங்ஷன். ஆறாம் கிரேடுக்குப் போக ஐந்தாம் கிரேடு தியரியிலோ அதற்கு ஈடாக ஏற்கப்படும் தேர்விலோ தேறியிருக்க வேண்டும். இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று, நான்கில் பல பிள்ளைகள் பியானோவை நிறுத்துவது இந்தப் படியில்தான் என்று நான் பார்த்த வரையில் சொல்வேன். இன்னொரு பிரிட்டிஷ் வாரியமான டிரினிட்டியில் மதிப்பெண் 100க்கு. 60 தேர்ச்சி, 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். அங்கே தியரி கட்டாயமில்லை. ஐந்தாம் கிரேடு வரை, பார்த்தவுடன் வாசித்தல், செவித்திறன், மனோதர்மமாக வாசித்தல், இசையறிவு என்ற நான்கில் இரண்டை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். பாட்டு கற்ற நம் பிள்ளைகளுக்குச் செவித்திறன் எளிதாகக் கைகூடுகிறது, நோட்டேஷனைப் பார்த்தவுடன் வாசிப்பதுதான் தடுமாற்றம். அந்தப் பயிற்சியைத் தவிர்க்க டிரினிட்டியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மகள் ஏபிஆர்எஸ்எம்தான் எழுதுகிறாள். ஆனால் ஆண்டு முழுவதும் தேர்வுக்கான மூன்று உருப்படிகளை மட்டுமே உருப்போடவைக்கும் ஆசிரியர் எந்த வாரியத்துக்குத் தயார்செய்தாலும் பயனில்லை.

பெரியவர்களுக்கு

எனக்குக் கணக்கு வேறு. வேலை முடிந்து வீடு சேரவே ஏழு மணியாகிறது. வாரந்தோறும் 30 நிமிடம் என்பது விரல் சூடாவதற்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் என்று மகள் இப்போது போய்வரும் ஆசிரியையிடமே பேசி வைத்துக்கொண்டேன். மையங்கள் இத்தகைய ஏற்பாட்டுக்கு எளிதில் இசைவதில்லை. பெரியவர் தேடிப்போக வேண்டியது தனி ஆசிரியரைத்தான் என்பதற்கு இதுவே எனக்குப் போதுமான காரணம். பெரியவருக்கு மூளைக்கு எட்டுவது உடனே விரலுக்கு எட்டாது, பிள்ளைக்கு நேர்மாறு. சிறுவயதில் ஐந்து கட்டை சுருதியில் பாடிய எனக்கு, அந்த ஐந்தாவது வெள்ளைக் கட்டையிலிருந்து சங்கராபரணத்தை வாசித்தால் நிஷாதத்துக்கு ஒரே ஒரு கறுப்புக் கட்டை வருகிறது என்பது விளங்கிய அன்று, ஆசிரியை ஒரு மாதமாகச் சொல்லிவந்த ஜி மேஜர் ஸ்கேல் தானாகப் பிடிபட்டது. அதையே முதல் கட்டையிலிருந்து மாயாமாளவகௌளையாக வாசித்தால் இரண்டு கறுப்புக் கட்டைகள். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் மட்டும் பியானோவில் வராது. அதை எதிர்பார்த்துச் சேரும் பெரியவர் ஏமாந்து போவார். தேர்வு வேண்டுமென்றால், நான்கு உருப்படிகளைத் தொடர்ச்சியாக வாசித்து ஒளிப்பதிவாக அனுப்பும் ஏபிஆர்எஸ்எம்மின் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு பெரியவர்களுக்குத் தோது. வயது வரம்பு கிடையாது.

கருவியைப் பொறுத்தவரை, கொண்டோ அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு வாசிக்கும் பெரியவருக்கு 88 கனமான கட்டைகளும் ஹெட்போன் வசதியும் உள்ள டிஜிட்டல் பியானோ போதும். ஜப்பானிலிருந்து வரும் பழைய அப்ரைட் பியானோக்கள் இங்கே நிறையக் கிடைக்கின்றன. வாங்குபவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது சுருதி சேர்க்கும் டியூனரை அழைக்கவும், நம் ஊர் ஈரப்பதத்துக்கு உள்ளே சூடேற்றிக் கம்பி பொருத்தவும், குளியலறைச் சுவரை ஒட்டி வைக்காமலிருக்கவும் தயாராக வேண்டும்.

இந்த ஆசிரியையைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று பேரிடம் மாதிரி வகுப்புக்குப் போனோம். ஒருவர் நாங்கள் போனதும் புத்தகத்தைத் திறந்தார். இன்னொருவர், பிடித்ததை வாசித்துக் காட்டச் சொன்னார். இவரோ மகளிடம், "வீட்டில் எத்தனை மணிக்கு வாசிப்பே?" என்று கேட்டார். "சாமி கும்பிட்ட பிறகு, அண்ணன் டிவி போடறதுக்கு முன்னால டீச்சர்" என்றாள். அவர் அதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, மகனுக்கு டிவியை எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.