சிவாஜி படங்கள் இணையத்தில்: எந்தப் பிரதியைப் பார்ப்பது?

சிவாஜி கணேசன் நடித்த பழைய படங்களில் பெரும்பாலானவை இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கிடைப்பது பெரிய விஷயம்தான். ஆனால் ஒரே படத்துக்கு நாலைந்து பிரதிகள் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதில் ‘முழு எச்.டி.’ என்று கொட்டை எழுத்தில் போட்டது பல நேரம் மோசமான பிரதியாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு "கொஞ்சம் மிகை நடிப்பு" என்று முடிவு கட்டினால், அநியாயம் அவருக்குத்தான்.

காரணம் அவர் வந்த வழி. சின்னப் பையனாக யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுவில் சேர்ந்தவர். அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததைப் பார்த்து, பெரியார் சூட்டிய பெயர்தான் சிவாஜி. 1952-ல் ‘பராசக்தி’ வந்த பிறகும் மேடையை விடவில்லை. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959-ல் படமாகும் முன்பே சிவாஜி நாடக மன்றம் அதை மேடையேற்றிவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் எட்டவேண்டும் என்று பழகிய உடம்பு அது. தோள், முழங்கை, இடுப்பு, பாதம் எல்லாம் சேர்ந்து பேசும். திரையின் அடிப்பகுதியை வெட்டினால் நடிப்பில் பாதி போய்விடுகிறது.

வெட்டுவது எப்படி நடக்கிறது? அந்தக் காலப் படங்களின் சட்டகம், அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், ஏறக்குறைய 4:3. இன்றைய டிவி 16:9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியக்கூடாது என்று படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் நறுக்கிவிடுகிறார்கள். உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு காணாமல் போகிறது. ‘நவராத்திரி’யில் (1964) சாவித்திரியோடு ஆடும் தெருக்கூத்துப் பகுதியை இப்படிப்பட்ட பிரதியில் பாருங்கள்: மேலே கிரீடம் அறுபடும், கீழே கால் அடவு தெரியாது. கூத்தில் காலை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? கண்டுபிடிப்பது சுலபம். பெயர்கள் ஓடும் முதல் இரண்டு நிமிடத்தில் மேல் வரியோ கீழ் வரியோ விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தால், அந்தப் பிரதியை அங்கேயே மூடிவிடலாம்.

இன்னொரு வகை, வெட்டாமல் பக்கவாட்டில் இழுப்பது. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடி எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். நெற்றிப் பொட்டைப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் படுத்த முட்டையாக இருந்தால் இழுத்திருக்கிறார்கள். நல்லவேளை, இதைச் சரிசெய்ய முடியும். டிவியில் பட அளவை 4:3-க்கு மாற்றினால் முகம் பழையபடி ஆகிவிடும். வெட்டியதை மட்டும் எதுவும் திருப்பித் தராது.

அதிகம் பேர் கவனிக்காதது வேகம். படம் ஓடுவது நொடிக்கு 24 சட்டகம். நம் ஊர் டிவி முறை 25. டிவிக்காக மாற்றிய பழைய பிரதிகள் பலவும் அப்படியே 25-ல் ஓடுகின்றன. மூன்று மணி நேரப் படம் சுமார் ஏழு நிமிடம் முன்னதாக முடியும். குரலின் சுருதியும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். ‘பராசக்தி’ நீதிமன்ற வசனத்தில் மூச்சை எங்கே நிறுத்தி எங்கே எடுக்கிறார் என்பதுதான் அழகு. இந்த வேகத்தில் அந்த இடைவெளிகள் சுருங்கிப் படபடப்பாகக் கேட்கும். கோப்பு கையில் இருந்தால் வி.எல்.சி. பிளேயரில் வேகத்தை 0.96 ஆக வைத்து, ஆடியோ அமைப்பில் சுருதி மாறாமல் பிடித்துவைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அப்போதுதான் குரலும் கீழே இறங்கும்.

நேரம் குறைவாக இருப்பது வேகத்தாலா, காட்சிகளை வெட்டியதாலா என்று அறிய ஒரு வழி உண்டு. தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் இருந்தால் நிறுத்திப் படியுங்கள். படத்தின் நீளம் அடியிலோ மீட்டரிலோ இருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது சுமார் 27.4 மீட்டர் ஓடும். 16,200 அடி என்றால் 180 நிமிடம். பிரதி 172, 173 நிமிடம் ஓடினால் அது வேகக் கோளாறு, பயமில்லை. 150 என்றால் பாட்டுகளையோ நகைச்சுவைப் பகுதியையோ தூக்கியிருக்கிறார்கள். ரீல் மாறும் இடங்களில் வசனம் ஓரிரு சொல் தாவுவது தேய்ந்த பிரிண்டின் குறை. அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

‘தில்லானா மோகனாம்பா’ளுக்கு (1968) தனிக் கவனம் தேவை. படத்தில் கேட்கும் நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி செய்தது அதற்கு உடம்பு கொடுத்தது: சீவாளியை (ஊதும் நாணல் துண்டை) உதட்டில் பொருத்தும் விதம், கன்னம் உப்பி அடங்குவது, சங்கதிக்கேற்ப விரல் எழுவது. ஒலி கொஞ்சம் பிந்தினாலும் இத்தனை உழைப்பும் பொய்யாகத் தெரியும். ப்ளூடூத் ஸ்பீக்கர் பல நேரம் பத்தில் ஒரு நொடியோ அதற்கு மேலோ பிந்தும். இந்தப் படத்துக்கு மட்டுமாவது ஒயர் போட்டுக் கேளுங்கள். வெட்டிய பிரதியில் நாதஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசு மட்டுமல்ல, கீழ்த்துளைகளில் இருக்கும் விரல்களும் போய்விடும்.

ஏஐ கொண்டு மெருகேற்றிய பிரதிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபிலிமின் மணலை, அதாவது அதில் இயல்பாகவே தெரியும் பொடிப் புள்ளிகளை, அழிக்கிற சாக்கில் நெற்றிச் சுருக்கத்தையும் மேக்கப் கோடுகளையும் சேர்த்து அழித்துவிடுகின்றன. முகம் மெழுகுப் பொம்மை ஆகிறது. புருவ அசைவிலேயே பாதிக் காட்சியை நடத்துபவருக்கு இது பெரிய கொடுமை. பழைய வி.சி.டி. அதைவிடத் தேவலாம் என்று சொல்லத் தோன்றும், ஆனால் 352×288 புள்ளியில் தூரக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும். வெட்டாத டி.வி.டி. கிடைத்தால் வாங்கி வையுங்கள். முறையாகப் புதுப்பித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு, 2012-ல் மீண்டும் திரைக்கு வந்து நன்றாக ஓடிய ‘கர்ண’னே சாட்சி.

டிவியில் அசைவை மென்மையாக்கும் வசதியை அணையுங்கள், ஷார்ப்னெஸைக் குறையுங்கள், சரவுண்டை எடுத்துவிடுங்கள். பழைய ஒலித்தடம் மோனோ, அதாவது ஒற்றைத் தடம். சரவுண்டில் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அங்கே சிக்கல் தலைகீழ். சட்டகம் 2.35:1, பக்கங்களை நறுக்கி 4:3-க்குள் அடைத்த பிரதியில் அகலத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும், பேசுபவர் இருப்பார், கேட்பவர் இருக்கமாட்டார். மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு இருப்பதைத் தேடி எடுங்கள்.